நாற்பத்திரண்டாங் கட்டை

கோலசிலாங்கூரில் நான் முதலில் எண்ணியது குரங்குகளை. நான் தங்கியிருந்த வீடு மலையடிவாரத்தில் இருந்தது. அவர்கள் மலை என்று சொல்வதை எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் மேடு என்போம். அதன் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கமும் சில பழைய பீரங்கிகளும் இருக்கின்றன. விடிந்ததும் சாம்பல் நிறக் குரங்குகள் இறங்கி வந்து வேலியில் வரிசையாக உட்கார்ந்தன. பதினேழு வரை எண்ணினேன். அதற்குள் ஒன்று என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. உள்ளே வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

எண்ணுவது என் தொழில் தந்த நோய். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சந்தை சந்தையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை போடுவது, குறைந்தால் பறிமுதல் செய்வது. எழுபது வயதில் முதன்முறையாக விமானம் ஏறியபோதுகூட, என் பெட்டியை நிறுத்த தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

நான் வந்தது என் அண்ணன் மகன் அருள்தாஸைப் பார்க்க. அண்ணன் இளவயதில் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, வேலைக்காக மலாயா வந்து, இங்கேயே மணமுடித்து, இங்கேயே கல்லறைக்குப் போனவர். அருள் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டாக்சியில் கோலாலம்பூருக்குப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் அரை நாள் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். அங்கே அவனுக்குக் கொடுத்த இடமும் தற்காலிகமானது. ஆண்டு முடிவில் அது வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. கோலசிலாங்கூரிலேயே சில டாக்டர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு பழைய மரவீட்டில் தொண்டு நிலையம் ஒன்றை நடத்தினார்கள். அதில் இரண்டு இயந்திரங்கள். இரண்டும் நிரம்பியிருந்தன. மூன்றாவது வாங்கினால் முதல் இடம் அருளுக்கு. அதற்குப் பணம் திரட்டத்தான் மாரத்தான் ஓட்டம். ஓட இருந்தவர்களில் ஒருத்தி அருளின் மனைவி ரோசலின்.

ரோசலின் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு. விடியற்காலையில் தளர்ந்த காற்சட்டையும் கணவனின் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை ஓடிவிட்டு வந்து, குளித்து, புடவை கட்டி, எனக்கு இடியாப்பம் பிழிந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். முதல் நாள் அவள் மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தபோது யாரோ துரத்துகிறார்கள் என்று நினைத்து நான் ஊன்றுகோலைக் கையில் எடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அருள் என்னைக் காதர் பாய் கடைக்கு அழைத்துப்போனான். பாய் தொண்டிக்காரர். அப்பா காலத்திலிருந்து இங்கே உணவுக்கடை. மைதா மாவை விசிறிபோல் வீசி அவர்கள் சுடும் ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். நம் ஊர்ப் பரோட்டாவைவிட லேசு. தேநீரில் டின் பாலை ஊற்றுகிறார்கள். சர்க்கரை போடாதே என்றேன், போடவில்லை என்றார்கள், பாயசம்போல் இனித்தது. அருளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர்தான் அவனுக்கு அனுமதி. குடித்தது வெளியே போக வழியில்லாத உடம்பு. பாய் கேட்காமலே ஒரு தட்டில் ஒற்றைப் பனிக்கட்டி கொண்டுவந்து வைத்தார். அருள் அதை வாயில் போட்டு, நான் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கரைத்துக்கொண்டிருந்தான்.

கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, கீழே தமிழ். தமிழ்ப் பகுதியை எழுதியவர் பாய்தான். தொண்டு நிலையத்துக்காக எழுதியதால் கூலி வாங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். படித்தேன். 'ரோசலின் டீச்சர் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே நாற்பத்திரண்டு கட்டை ஓடுகிறார். ஒவ்வொரு கட்டைக்கும் உங்களால் ஆனதைத் தருவதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.'

கட்டை என்றால் மைல். அண்ணன் முதன்முதலில் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்றாங் கட்டை, ஏழாங் கட்டை என்றுதான் இங்கே இடங்களுக்கே பெயர். மாரத்தான் என்பது நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மைலில் இருபத்தாறு சொச்சம். பாயிடம் சொன்னேன்.

"கட்டைன்னா கட்டைதான் தாத்தா. ரோட்டோரம் நட்டு வச்சிருக்கான்ல, அதை எண்ணிப் பாருங்க. நாப்பத்திரண்டு வருதா இல்லையா?"

"அது கிலோமீட்டர்க் கல். கட்டை என்றால் மைல்."

"அது வெள்ளக்காரன் நட்ட கட்டை. இது நம்ம கவர்மெண்டு நட்டது. நட்டதெல்லாம் கட்டைதான் லா."

சாலையோரம் நட்டு வைத்த எதையும் கட்டை என்று சொல்லலாம்தான். ஆனால் அளவுச் சொல்லை இப்படிக் கையாள்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மாலையில் ரோசலினிடம் முறையிட்டேன். அவள் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும் மைல்னு நினைக்க மாட்டாங்க மாமா. நாப்பத்திரண்டு மைலு எந்தப் பைத்தியம் ஓடும்?" என்று சிரித்தாள். சிரித்தபடியே பேனாவைக் கீழே வைத்தாள். முகம் மாறியது. "ஐயோ. எங்க தோட்டத்துப் பேரே நாப்பத்திரண்டாங் கட்டைதான்."

அவள் பிறந்து வளர்ந்த தோட்டம் வடக்கே, சுங்கை ஆயர் தாவாருக்குப் போகும் சாலையில் இருக்கிறது. துரைமார் வைத்த பெயர் வேறு ஏதோ. அங்கே குடியிருப்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. கோலசிலாங்கூரிலிருந்து நாற்பத்திரண்டாவது மைலில் இருப்பதால் நாற்பத்திரண்டாங் கட்டைத் தோட்டம். தபால்காரருக்கும் அதுதான் பெயர், பஸ் கண்டக்டருக்கும் அதுதான். ஓட்டத்துக்காக மற்ற எல்லா இடங்களையும்விட அங்கேதான் நிறையப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தன்மேல் உள்ள பாசத்தால் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போதுதான் புரிந்தது. தங்கள் வாசலுக்கே அவள் ஓடி வருகிறாள் என்று நினைத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று சனிக்கிழமை புறப்பட்டோம். அருளுக்கு முடியவில்லை, வீட்டிலேயே இருந்தான். எங்களை ஏற்றிச் சென்றது ஆ செங் என்ற சீனரின் பழைய வேன். ஓட்டத்தன்று தண்ணீர் கொண்டுபோகும் பொறுப்பும் அவருடையதுதான். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். திட்டுவதற்கு வேண்டிய தமிழ் மட்டும் சுத்தமாக வரும். தஞ்சோங் காராங் தாண்டும்போது வேனின் பக்கக் கதவு கழன்று சாலையில் விழுந்தது. ஆ செங் அந்தக் கதவின் தாயார், பாட்டியார் எல்லோரையும் தமிழில் விசாரித்துவிட்டு, அதைக் கயிற்றால் கட்டினார். மீதி வழி முழுவதும் உள்ளிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை எனக்கு.

கதவின் இடுக்கு வழியாகத்தான் செகிஞ்சானைப் பார்த்தேன். வரப்புகள் நூல் பிடித்தாற்போல் நேர். தாமிரபரணிப் பாசனத்தில் நான் பார்த்த வயல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பங்காளிச் சண்டையின் வரைபடம் அவை. இங்கே கண்ணுக்கு எட்டியவரை ஒரே அளவுச் சதுரங்கள், பச்சை, நடுவில் கால்வாய். இறங்கி அளக்கவேண்டும்போல் இருந்தது. படகுத்துறை ஓரத்தில் மீன் போட்ட கஞ்சி வாங்கிக்கொடுத்தார் ஆ செங். இஞ்சியைத் தலைமுடிபோல் நறுக்கி மேலே தூவியிருந்தார்கள். நோயாளிக்குக் கொடுப்பதைக் காசு கொடுத்துத் தின்பதா என்று நினைத்தேன். இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

வேனின் மீட்டர் மைல் கணக்கு. புறப்பட்ட இடத்தில் குறித்துக்கொண்டேன், தோட்டத்து நுழைவாயிலில் மறுபடி பார்த்தேன். நாற்பத்தொன்றுகூட முழுதாக ஆகவில்லை. ஆ செங்கைக் கேட்டேன். முன்பு சாலை ஆற்றை ஒட்டி வளைந்து போகுமாம், பிறகு நேராக்கினார்களாம். ஆக, சாலை ஒரு மைலுக்கு மேல் குறைந்துவிட்டது, பெயர் குறையவில்லை. தப்பான அளவைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு தோட்டமே நடக்கிறது. இதையும் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சொல்ல இடம் கிடைக்கவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தென்னங்குருத்துத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலில் ஒரு வளைவு கட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ரோசலினைப் பார்த்ததும் ஒரு கிழவி, "ஏன்டி ரோசு, நாங்க ரப்பர் மரத்துல பால் வெட்ட விடியாம ஓடுனோம், எவனும் அஞ்சு காசு கூடக் குடுக்கல. நீ ஓடுனா மட்டும் கட்டைக்குக் கட்டை வெள்ளியா?" என்றாள். வெள்ளி என்பது இங்கத்துப் பணம். எல்லோரும் சிரித்தார்கள். "மாடு வெரட்டுனா நானுந்தான் ஓடுவேன்" என்றாள் இன்னொருத்தி.

வேலு மண்டோர் வந்தார். ரப்பர் காலத்திலிருந்து இப்போது செம்பனைக் காலம்வரை ஆட்களை மேய்த்தவர். ரோசலினுக்குச் சித்தப்பா முறை. எனக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே பேசினார். அவர் மனைவி மூன்று ஆண்டுக்கு முன் இறந்ததை ரோசலின் வழியிலேயே சொல்லியிருந்தாள். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டுபோகும்போது பாதி வழியில் போய்விட்டாளாம்.

"இந்தக் கட்டையிலேருந்து போனவங்கதான் எல்லாரும். நாங்களா லோரி ஏறிப் போவோம், போற வழியில முடிஞ்சிரும். இங்க தேடி ஒருத்தரும் வந்ததில்ல. இந்தப் பிள்ளைதான் அங்கேருந்து இங்க ஓடி வருது. ஆஸ்பத்திரியே நம்மளப் பாத்து ஓடி வருதுன்னு பொம்பளைங்க சொல்லிக்கிட்டிருக்காளுங்க."

நான் ரோசலினைப் பார்த்தேன். அவள் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு, கட்டைக் கணக்கைச் சொல்லாமலே வேனில் ஏறினாள்.

திரும்பும்போது செகிஞ்சானுக்கு வடக்கே ஒரு சீனப்பள்ளித் திடலுக்கு எதிரில் வேனை நிறுத்தச் சொன்னாள். ஓட்டம் முடியும் இடம் அது. இறங்கி நின்று, நாங்கள் வந்த வழியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். சொல்லாமல் வந்துவிட்டாயே, இனி என்ன செய்வது, ஓட்டக் குழுவினர் இருபத்தாறுக்கு மட்டும் பணம் கேட்டால் இயந்திரத்துக்குப் போதாது, நாற்பத்திரண்டுக்கும் கேட்டால் அது ஏமாற்று என்று நான் வழியெல்லாம் புலம்பினேன். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. ஆ செங் மட்டும், "பெரியவரே, கதவ விட்டுராத" என்றார்.

அடுத்த வாரம் அருளோடு டாக்சியில் கோலாலம்பூர் போனேன். போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு லோரியின் வயதையும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். வரும்போது பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துக் கிடந்தான். இரண்டு முறை வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தான். அண்ணன் தலையைப்போலவே இவன் தலையும் கனத்தது. நான் ஜெபம் சொன்னேன். டாக்சிக்காரர் மலாய்க்காரர், குளிர்காற்றின் வாயை அவன் முகத்துக்குத் திருப்பி வைத்தார்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆற்றோரத் திடலில் இருட்டு பிரியும் முன்பே கூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று பேர். மலாய்ப் போலீஸ்காரர்கள், சீனக் கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், பஞ்சாபி ஒருவர். பெண்கள் இருவர், ரோசலினும் ஒரு சீன மருந்துக்கடைக்காரியும். ஒரு மௌலவி துஆ ஓதினார், ஒரு பாதிரியார் சிலுவை போட்டார், யாரோ தேங்காய் உடைத்தார். நம் ஊரில் இந்த மூவரையும் ஒரே மேடையில் சேர்க்க ஆறு மாதம் பேசவேண்டும். இங்கே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு விசிலை ஊதினார்கள்.

வேனில் நான், ஆ செங், தண்ணீர்ப் பீப்பாய்கள், அருள். முந்தின நாள் இயந்திரத்தில் படுத்து வந்திருந்ததால் அருள் தெம்பாக இருந்தான். தண்ணீர் கொடுக்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, குவளை குவளையாக நிரப்பி, ஓடி வருபவர்களின் கைக்கு நீட்டினான். அவர்கள் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீசிவிட்டுப் போனார்கள். அருள் அந்தத் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடுவதைப் பார்த்தபடி அடுத்த குவளையை நிரப்பினான். அவன் கன்னத்தில் பனிக்கட்டி புடைத்துக்கொண்டிருந்தது.

நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ரோசலின் வேகமாக ஓடவில்லை. ஒரே சீராக, தலையைக் குனியாமல், ஏதோ வகுப்புக்குப் போகிறவள்போல் ஓடினாள். தஞ்சோங் காராங் சந்தை அருகே மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடவே வந்து, "டீச்சர், பஸ்ஸுக்கு டுயிட் இல்லையா?" என்று கேட்டார்கள். டுயிட் என்றால் மலாயில் காசு. "இருந்தா உங்களுக்கு இல்ல தருவேன், சட்டைக்குப் பொத்தான் வாங்க" என்றாள் ஓடியபடி. செகிஞ்சானில் வயலில் நின்ற சீனக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். ஒரு மலாய் மூதாட்டி வாளித் தண்ணீரோடு சாலைக்கே வந்து, கேட்காமல் கொள்ளாமல் அவள் காலில் ஊற்றிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் ஒரு பெண் இப்படிச் சாலையில் ஓடினால் அவள் வீட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

சீனப்பள்ளித் திடலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர்கள் முதலில் வந்து முடித்துவிட்டு நிழலில் விழுந்து கிடந்தார்கள். மருந்துக்கடைக்காரி வந்தாள், அழுதாள், உட்கார்ந்தாள். பிறகு ரோசலின் வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் துண்டை விரித்துக்கொண்டு அவளை அணைக்கப் போனார். அவள் ரிப்பனைத் தாண்டி, துண்டைத் தாண்டி, திடலைச் சுற்றிக்கொண்டு மறுபடி சாலையில் ஏறி, வடக்கே திரும்பினாள். குழுவினர் விசில் ஊதினார்கள். வழி தவறிவிட்டாள் என்று நினைத்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "வண்டியை எடு" என்று ஆ செங்கிடம் கத்தினேன். பக்கத்தில் போய், கட்டிய கதவுக்கு மேலாகத் தலையை நீட்டினேன்.

"ரோசலின், நில்லும்மா. முடிஞ்சுபோச்சு."

"கிலோமீட்டர் முடிஞ்சிருக்கு மாமா. கட்டை முடியல."

வெயில் ஏறிவிட்டது, இதயம் நின்றுவிடும், உனக்கு ஏதாவது ஆனால் இவனை யார் பார்ப்பது என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் அருளைப் பிடித்து உலுக்கினேன். நீ சொல், உன் பேச்சைக் கேட்பாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அவள நிறுத்த முடியாது சித்தப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி, என்னைக் கட்டிக்காதேன்னு அவங்க வீட்டுல எல்லாரும் நிறுத்திப் பாத்தாங்க." பிறகு பீப்பாயிலிருந்து ஒரு குவளை நிரப்பினான். "மெதுவாப் போங்க செங். தண்ணி சிந்துது."

அன்று நான் பார்த்ததை என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அளந்தவன் நான். ஒரு மைல் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மோட்டார் காரில், ரயிலில், மாட்டுவண்டியில் போன மைல்கள் அவை. நடுப்பகலில், நிழலில்லாத தார்ச்சாலையில், ஏற்கனவே இருபத்தாறு மைல் ஓடி முடித்த ஒரு பெண்ணின் பின்னால் ஊர்ந்துபோகும் வேனில் உட்கார்ந்து பார்த்தபோது ஒரு மைல் முடியவே இல்லை. அவள் ஓடினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். சுங்கை பெசார் கடைத்தெருவில் காலணியைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கூடவே வந்தது. ஆ செங் தன் ரப்பர்ச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வெறுங்காலில்தான் வண்டி ஓட்டினார். அன்று அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை.

வழியில் தோட்டத்து ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். பகலாகியும் டீச்சரைக் காணவில்லையே என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஆ செங் அவரை ஓரமாக நிறுத்தி, கட்டை, கிலோமீட்டர், நோட்டீஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்த வழியே பறந்தார்.

வானம் கறுத்து, பிற்பகல் மழை இறங்கும் நேரத்தில் தோட்டத்து லோரி எதிரே வந்து நின்றது. தட்டு முழுவதும் ஆட்கள். வேலு மண்டோர் முதலில் குதித்தார்.

"போதும்மா. விஷயம் தெரிஞ்சிருச்சு. இருபத்தாறுதான் உன் கணக்காமே, அது எப்பவோ முடிஞ்சிருச்சு. நாங்க முழுசாவே குடுத்துர்றோம். லோரியில ஏறு."

"நீங்க எதுக்குச் சித்தப்பா கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ வர்றேன்னு போட்டோம். அதான் வந்துட்டயில்ல."

"இன்னும் வரல" என்றாள் ரோசலின். அவள் நிற்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மண்டோர் மழையில் நின்றார். லோரித்தட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அன்று தோரணம் பின்னிய கிழவியை இருவர் தூக்கி இறக்கினார்கள். அவள் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். மழை கொட்டியது. ஒரு பெண் தன் முந்தானையை ரோசலின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். காலி லோரியும் எங்கள் வேனும் பின்னால் ஊர்ந்தன. பஸ் ஒன்று வந்தது, முந்திப் போகாமல் அதுவும் ஊர்ந்தது. பயணிகள் சன்னல்களைத் திறந்து நனைந்தபடி பார்த்தார்கள். நானும் எண்ண மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி மறந்தது வேறு எப்போது என்று நினைவில்லை.

தென்னங்குருத்து வளைவு தூரத்தில் தெரிந்ததும் அருள் வேன் கதவின் கயிற்றை அவிழ்த்தான். கதவு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. இறங்கிப்போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். யார் யாரைத் தாங்கினார்கள் என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. நானும் இறங்கி நடந்தேன்.

வளைவின் கீழ் வந்ததும் அவள் நின்றாள். மாலை போட்டார்கள், ஆரத்தி எடுக்க வந்தவளின் கற்பூரம் மழையில் அணைந்தது. ரோசலின் கூட்டத்தில் என்னைத் தேடினாள். உதடு வெளுத்திருந்தது.

"மாமா, நீங்க சொல்லுங்க. நாப்பத்திரண்டு ஆச்சா?"

ஒரு மைலுக்கு மேல் குறைகிறது. எனக்குத் தெரியும். நான் சொன்னால் இவள் வளைவைத் தாண்டி மறுபடி ஓடத் தொடங்குவாள், அதுவும் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் குறைந்த அளவுக்கு நான் முத்திரை போட்டதில்லை. படியில் மாகாணி, பதினாறில் ஒரு பங்கு, குறைந்ததற்காகச் சொந்த மைத்துனரின் கடையையே மூடியிருக்கிறேன்.

"ஆச்சும்மா" என்றேன். "சரியா நாப்பத்திரண்டு."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மூன்றாவது இயந்திரம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அந்த மரவீட்டில் அருளுக்கு முதல் நாள். வீட்டிலிருந்து மூவரும் நடந்தே போனோம். இயந்திரத்தில் படுக்கும் முன் நோயாளியை நிறுத்துப் பார்ப்பார்கள். போன முறைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது, எவ்வளவு எடுக்கவேண்டும் என்பது அந்த எடையில்தான் தெரியும். கூடவோ குறையவோ எடுத்தால் ஆபத்து. மூலையில் நின்ற தராசைப் பார்த்தேன். முத்திரை எதுவும் இல்லை.

செவிலியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் காதர் பாய் கடைக்குப் போனேன். மில்லில் எடை போட்டுத் தைத்து வந்த, பிரிக்காத அரிசி மூட்டைகள் இரண்டு வேண்டும் என்றேன். "ஊருக்கா தாத்தா? அங்க இல்லாத அரிசியா?" என்று கேட்டபடி பாயே தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஏற்றி, இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். முள் இம்மியளவு கூடுதலாகக் காட்டியது. அடியில் இருந்த திருகை நானே திருகினேன். மறுபடி ஏற்றினேன். செவிலி கடிகாரத்தைப் பார்த்தாள். ரோசலின் அவளுக்கு ஏதோ கண்ஜாடை காட்டினாள். மூன்றாம் தடவை முள் கோட்டின் மேல் நின்றது.

மூட்டைகளை இறக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்று அருளிடம் சொன்னேன்.